நீள்முடிப் பெரிய கலப்பினப் பூனை: சென்னை வீட்டில் வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பஞ்சுபோன்ற முடியும், கழுத்தைச் சுற்றிப் பிடரியும், குஞ்சம் கட்டியது போன்ற வாலுமாக ஒரு பூனைக்குட்டி வீட்டுக்குள் வந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இது என்ன ஜாதிப் பூனை?" பெர்ஷியன் என்பார் ஒருவர், மெய்ன் கூன் என்பார் மற்றொருவர், ஹிமாலயன் என்று அடித்துச் சொல்வார் இன்னொருவர். பெரம்பூரில் இரண்டாம் மாடி வீடொன்றில் ஒன்பது ஆண்டுகளாக இப்படியொரு பூனையோடு வாழ்ந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கலப்பினப் பூனைக்கு ஒரு பெயர் கிடைத்துவிடுவதால் அது எப்படி வளரும் என்பது தெரிந்துவிடாது. அதன் முடி ஒரு வழியிலும், உடல் பருமன் இன்னொரு வழியிலும், முகவெட்டும் நோய்க்கூறும் வேறு வேறு வழிகளிலும் வந்து சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து, அதற்கேற்ப வீட்டையும் பழக்கங்களையும் ஒழுங்கு செய்துகொள்வதே சரியான வழி. இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதல் படி: பெயரை ஒதுக்கிவிட்டுக் குட்டியைப் பார்ப்பது

நீள்முடிக்குக் காரணமான மரபணு ஒடுங்கு தன்மை கொண்டது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் முடி நீளும். அந்த மரபணுவின் பெயர் எஃப்ஜிஎஃப்5. ஆகவே, முடி குட்டையாக உள்ள இரண்டு தெருப்பூனைகள் அந்த மரபணுவை வெளியில் தெரியாமல் சுமந்துகொண்டிருந்தால், அவற்றின் ஈற்றில் நீள்முடிக் குட்டி ஒன்று பிறக்கக்கூடும். மயிலாப்பூர் மாடவீதியில் மீன்காரம்மாவின் கூடையருகே படுத்திருக்கும் பூனைக்கு அடர்ந்த வால் இருந்தால், அதன் பாட்டனார் வெளிநாட்டிலிருந்து வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மறுபுறம், பெர்ஷியனுக்கும் நாட்டுப் பூனைக்கும் பிறந்த முதல் தலைமுறைக் குட்டிகள் பெரும்பாலும் குட்டை முடியோடுதான் இருக்கும்.

நெற்றியில் ஆங்கில எழுத்து 'எம்' போன்ற கோடு இருப்பதை மெய்ன் கூனின் அடையாளமாகச் சிலர் காட்டுவார்கள். அந்தக் கோடு வரிப்பூனைகள் எல்லாவற்றுக்கும் உண்டு. காது நுனியில் குஞ்சம் இருப்பதும், பாதத்தில் விரல்களுக்கிடையே முடி வளர்வதும் தனியாக எதையும் நிரூபிப்பதில்லை. பூனை இனங்கள் என்பவையே மிகப் பிற்காலத்தவை. பெரிய அளவிலான முதல் பூனைக் கண்காட்சி லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்தது 1871-இல்தான். உலகின் பூனைகளில் மிகப் பெரும்பாலானவை எந்த இனப் பதிவேட்டிலும் சேராதவை.

விற்பனையாளர்களிடம் 'டால் ஃபேஸ்', 'செமி பஞ்ச்', 'பஞ்ச் ஃபேஸ்', 'ட்ரிபிள் கோட்' என்ற சொற்கள் வழங்குகின்றன. இவை இனப்பெயர்கள் அல்ல. முதல் மூன்றும் முகம் எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பதையும், கடைசியானது முடி எவ்வளவு அடர்த்தி என்பதையும் குறிக்கும் வியாபாரச் சொற்கள். பஞ்ச் ஃபேஸுக்கு விலை அதிகம். என்னைக் கேட்டால், சென்னையில் வளர்ப்பதற்கு மூக்கு நன்றாக நீண்ட, விலை குறைந்த முகமே நல்லது. தட்டை முகத்தில் மூச்சுவழி குறுகலாக இருக்கும், கண்ணீர் வடிகால் மடங்கியிருக்கும், பற்கள் வரிசை தப்பியிருக்கும். வெயில் நாளில் மூச்சின் வழியே உடல் வெப்பத்தை வெளியேற்றும் வாய்ப்பும் அந்த முகத்துக்குக் குறைவு.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது முடிந்தால் தாயைப் பாருங்கள். தந்தையைப் பற்றியும் கேளுங்கள். துணிச்சலான தந்தைக்குப் பிறந்த குட்டிகள் துணிச்சலாக இருக்கும் போக்கு ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை மனிதக் கை பட்டு வளர்ந்ததா என்று கேட்பது அதைவிட முக்கியம். குட்டி மனிதர்களை ஏற்கிறதா, அஞ்சுகிறதா என்பது பெரும்பாலும் அந்த வாரங்களில் முடிவாகிவிடுகிறது. குட்டி முழு வெள்ளையாக இருந்து இரண்டு கண்களும் நீலமாக இருந்தால், அது பார்க்காதபோது பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள். அத்தகைய பூனைகளில் காது கேளாமை அதிகம். காது கேளாத பூனையையும் நன்றாக வளர்க்கலாம், ஆனால் அதை ஒருபோதும் வெளியே விடக்கூடாது.

இரண்டாம் படி: எவ்வளவு பெரிதாகும் என்பதைக் கணிப்பது

இங்கே ஒரு தெளிவு தேவை. பெர்ஷியன் உண்மையில் பெரிய பூனை அல்ல. வளர்ந்த பெர்ஷியனின் எடை ஏறத்தாழ மூன்றரை முதல் ஐந்தரை கிலோ. நம் தெருவில் திரியும் கடுவன் பூனையின் எடையும் அதற்கு அருகில்தான். எங்கள் பூனையின் பெயர் சாம்பல். அதை முதன்முதலில் குளிப்பாட்டியபோது நாங்கள் அனைவரும் அதிர்ந்துபோனோம். தோள் அகலத்துக்குத் தெரிந்த பூனை, இரண்டு குவளை நீர் ஊற்றியவுடன் நனைந்த துணிபோல ஒட்டிச் சுருங்கி, பெரிய காதுகளும் மெலிந்த கழுத்துமாக நின்றது. கண்ணுக்குத் தெரிந்த பருமனில் பாதி முடிதான்.

எலும்பே பெரிதாக இருப்பது மெய்ன் கூன், நார்வேக் காட்டுப் பூனை, சைபீரியன், ராக்டால் போன்ற இனங்களின் கலப்பில்தான். வளர்ந்த மெய்ன் கூன் கடுவன் ஆறு முதல் எட்டு கிலோவும் அதற்கு மேலும் வரும். பெட்டை கணிசமாகச் சிறியது. இந்த இனங்கள் மெதுவாக வளர்பவை. சாதாரணப் பூனை ஓராண்டில் ஏறக்குறைய முழு வளர்ச்சி அடைந்துவிட, மெய்ன் கூன் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்ளும். கலப்பினத்தில் இவை இரண்டுக்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். ஆகவே எட்டு மாதக் குட்டியைப் பார்த்து "இவ்வளவுதான் வளருமா?" என்று வருந்தவும் வேண்டாம், இன்னும் வளரும் என்று நம்பி மேலும் மேலும் ஊட்டவும் வேண்டாம்.

மாதத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். முதலில் நீங்கள் மட்டும் எடைக் கருவியில் நின்று, பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று, வித்தியாசத்தைக் குறித்துவைத்தால் போதும். கூடவே விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். நீள்முடிப் பூனையின் உடல்வாகைக் கணிப்பதில் கண் எப்போதும் ஏமாற்றிவிடும், கை ஏமாற்றாது. மெல்லத் தடவினாலே விலா எலும்பு தெரிய வேண்டும். அழுத்தினால்தான் தெரிகிறது என்றால் அது வளர்ச்சியல்ல, கொழுப்பு. விலாவும் முதுகெலும்பும் கூராகக் குத்தினால் பூனை மெலிந்திருக்கிறது. அடர்ந்த முடி இந்த மெலிவையும் மாதக்கணக்கில் மறைத்துவிடும்.

முடியும் மெதுவாகவே வரும். நான்கு மாதத்தில் பஞ்சாக இருக்கும் குட்டி, ஆறாவது ஏழாவது மாதத்தில் முடி கலைந்து, ஒல்லியாக, காது மட்டும் பெரிதாகத் தெரியும். ஏமாந்துவிட்டோமோ என்று பலர் நினைப்பது அந்தப் பருவத்தில்தான். பிடரியும் பின்தொடை முடியும் நிறைய இரண்டு ஆண்டுகள் ஆகலாம். முகமும் வாலும் மட்டும் கருத்த, சயாமிஸ் சாயல் கலந்த குட்டியானால் இன்னொன்றையும் எதிர்பார்க்கலாம்: அந்த நிறத்தை உண்டாக்கும் நொதி குளிர்ந்த தோலில்தான் நன்றாக வேலை செய்யும். வெப்பமான ஊரில் வளரும்போது அந்தக் கருமை சற்று வெளிறியே இருக்கும். அது நோயல்ல.

மூன்றாம் படி: பூனை வருவதற்கு முன் வீட்டைத் தயார் செய்வது

முதல் வேலை பால்கனி. மாடியிலிருந்து விழும் பூனை நான்கு காலில் இறங்கித் தப்பிவிடும் என்பது பாதி உண்மை. நியூயார்க்கில் உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் வெளிவந்த ஆய்வில், பெரும்பாலானவை பிழைத்தன என்பதோடு, மார்புக் காயமும் தாடை, பல் முறிவும் அவற்றில் பரவலாக இருந்தன என்பதும் பதிவாகியிருக்கிறது. எடை கூடிய பூனைக்கு அடியும் கூடும். சென்னை அடுக்குமாடிகளில் புறாவுக்காகக் கட்டும் நைலான் வலை பூனைக்குப் போதாது. ஆறு கிலோ பூனை அதில் பாய்ந்து தொங்கினால் கொக்கி கழன்றுவிடும், பல்லால் கடித்தும் அறுத்துவிடும். சட்டம் போட்டு இரும்புக் கம்பிவலை அடிப்பதே பாதுகாப்பு. சன்னலின் கொசுவலையும் அப்படியே. ஒட்டுப் பட்டையால் ஒட்டிய வலை ஒரு பல்லி சுவரில் ஓடினால் தாக்குப்பிடிக்காது.

மலத்தட்டு பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். கடையில் பூனைக்கென விற்கும் தட்டுகள் பலவும் இந்த அளவுக்கு வராது. துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப் ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தை மட்டும் தாழ வெட்டி, வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிட்டால் விலையும் குறைவு, இடமும் தாராளம். தட்டில் நிரப்பும் மிக நுண்ணிய பெண்டோனைட் (ஒருவகைக் களிமண்) மணல், விரலிடை முடியிலும் வாலடியிலும் ஒட்டி, ஈரம் பட்டதும் சிமென்ட் போல இறுகிவிடும். சற்றுப் பெரிய பருக்கையாக வாங்குங்கள். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு என்பது ஆடம்பரம் அல்ல.

அடுத்து நூல். நம் வீடுகளில் பூ இல்லாத நாள் குறைவு. வாடிய மல்லிகைச் சரத்தைத் தலையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு மறந்துபோவோம். பூனை அதை வாயில் வைத்தால், நாக்கில் உள்ள பின்னோக்கிய முட்கள் நூலை வெளியே விடாது, விழுங்கத்தான் முடியும். நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் இறங்கினால், குடல் அதன்மேல் சுருங்கிச் சுருங்கி அறுபட்டுப்போகும். வாயிலோ மலவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்கவே கூடாது. அப்படியே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். பூச்சரம், தையல் நூல், பொட்டலம் கட்டிய சணல், பட்டத்தின் நூல் எல்லாம் மூடியுள்ள குப்பைத் தொட்டிக்குள் போகட்டும்.

கற்பூரம், பீரோவில் போடும் அந்துருண்டை, லில்லிச் செடியின் எந்தப் பகுதியும் பூனைக்கு நஞ்சு. லில்லியின் மகரந்தம் முடியில் ஒட்டி அதை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். நீள்முடியில் மகரந்தம் ஒட்டுவது மிக எளிது என்பதால் அந்தப் பூங்கொத்து வீட்டுக்குள்ளேயே வரவேண்டாம். காய்ச்சல் என்று நினைத்துப் பாரசிட்டமால் கொடுத்தால் பூனை இறந்துவிடும். கால் மாத்திரையும் கூடாது. நாய்க்கான உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவையும் அதே அளவு ஆபத்து.

நான்காம் படி: முடியைப் பராமரிப்பது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். நீள்முடிப் பூனைகள் கைவிடப்படுவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்: வாங்கும்போது அழகாக இருந்த முடி, ஆறு மாதத்தில் சடை பிடித்து நாறத் தொடங்குகிறது.

பூனையின் உடலில் மேலே நீண்ட காவல் முடியும், அடியில் மென்மையான உள்முடியும் உண்டு. உள்முடி உதிரும்போது கீழே விழாமல் மேல்முடிக்குள் சிக்கி நிற்கும். அதுதான் சிக்கு. குளிர்நாடுகளில் பகல் நீள்வதும் குறுகுவதும் பூனைக்கு முடி மாற்றும் காலத்தை உணர்த்துகின்றன. லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். சென்னையில் அந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான்; இரவில் மின்விளக்கும் எரிகிறது. ஆகவே இங்கே வீட்டுக்குள் வளரும் பூனையிடம் பருவத்துக்கு ஒருமுறை உதிர்வதை எதிர்பார்க்காதீர்கள். ஆண்டு முழுவதும் உதிரும், ஆண்டு முழுவதும் சீவ வேண்டும்.

தேவையானவை இரண்டு எஃகுச் சீப்புகள்: ஒன்று பல் அகன்றது, மற்றொன்று பல் நெருங்கியது. மேலோட்டமான பிரஷ் மட்டும் போதாது. பிரஷ் போட்டால் மேல்முடி பளபளக்கும், அடியில் கம்பளி போல உள்முடி இறுகிக்கொண்டே போகும். சீப்பு தோல்வரை இறங்கி, தடங்கலின்றி வெளியே வந்தால்தான் அந்த இடம் சீவியதாகக் கணக்கு.

பூனை சாப்பிட்டுவிட்டுச் சோம்பிக் கிடக்கும் நேரமே உகந்தது. தரையில் அமர்ந்து, பூனையை உங்களுக்கு முதுகு காட்டும்படி மடிக்கு அருகில் இருத்துங்கள். அதற்குப் பிடித்த இடமான தாடையிலும் கன்னத்திலும் தொடங்கி, முதுகுக்குச் செல்லுங்கள். பிறகு சிக்கு பிடிக்கும் இடங்களுக்கு வாருங்கள்: காதுக்குப் பின்புறம், முன்னங்கால் அக்குள், வயிறு, பின்தொடையின் உட்புறம், வாலடி. முடியை அதன் வேரருகே இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக வேரை நோக்கிச் சீவ வேண்டும். அப்படிப் பிடித்தால் இழுப்பு தோலுக்குப் போகாது. நீள்முடி உள்ள பெண்குழந்தைக்குத் தலை பின்னிவிட்டவர்களுக்கு இது கைவந்த கலை. முதல் மாதத்தில் இரண்டு நிமிடம் போதும். பூனை வாலை அடிக்கத் தொடங்குவதற்கு முன்பே நிறுத்திவிட்டால், மறுநாள் அதுவே வந்து உட்காரும். பிறகு வாரத்தில் நான்கைந்து நாள், பத்து நிமிடம்.

சடை பிடித்துவிட்டால் அவசரப்படாதீர்கள். கொஞ்சம் சோளமாவைத் தூவி, விரல் நுனிகளால் சடையை முடி வளரும் திசையிலேயே நீளவாக்கில் பிய்த்துப் பிரித்து, பிறகு அகலப் பல் சீப்பின் கடைசி இரண்டு பற்களால் நுனியிலிருந்து எடுக்கலாம். கத்தரிக்கோலை மட்டும் தொடாதீர்கள். சாம்பலின் அக்குளில் எலுமிச்சை அளவுக்கு ஒரு சடை இருந்தது. அதை மேலே தூக்கிப் பிடித்து அடியில் வெட்டினேன். தோலும் கூடாரம் போல மேலே எழும்பி வந்திருந்ததை முடிக்குள் நான் காணவில்லை. பூனை கத்தவில்லை, உடல் மட்டும் ஒருமுறை துள்ளியது. விலக்கிப் பார்த்தபோது ஒரு அங்குல நீளத்துக்குத் தோல் பிளந்திருந்தது. மூன்று தையல் போட்டார்கள். பூனையின் தோல் காகிதம் போல மெல்லியது. இறுகிய சடைக்குரிய கருவி மின்சவர இயந்திரம்தான், அதுவும் பழகிய கையில்.

சடையோடு குளிப்பாட்டவும் கூடாது. நீர் பட்டால் சடை மேலும் இறுகும். சீவிய பிறகே குளியல். தேங்காய் எண்ணெய் தடவினால் சிக்கு விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். எண்ணெயில் தூசி அப்பி அடுத்த சிக்குக்கு அடித்தளம் ஆகும், பூனை அவ்வளவையும் நக்கி விழுங்கும். கோடைக்கு மொட்டையடிப்பது பற்றியும் பலர் கேட்கிறார்கள். வயிற்றையும் வாலடியையும் குட்டையாக வெட்டிவிடுவது சுத்தத்துக்கும் குளிர்ச்சிக்கும் உதவும். முழு உடலையும் மழிப்பதைச் சடை மிஞ்சிப்போன பூனைக்கு மட்டுமே நான் ஏற்பேன். ஒழுங்காகச் சீவிய முடிக்குள் காற்று புகும். மழித்த தோலில் வெயில் நேராக விழும்.

ஐந்தாம் படி: சென்னையின் வெயிலும் மழையும்

பூனையின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. உள்ளங்காலில் மட்டுமே அதற்கு வியர்க்கும்; மற்றபடி முடியை நக்கி ஈரமாக்கியே தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. நுங்கம்பாக்கத்தில் 2003 மே மாதத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. கத்திரி நாட்களில் நண்பகல் முதல் கடற்காற்று வீடு சேரும்வரை உள்ள நேரமே கடுமையானது. அந்த நேரத்தில் ஒரு அறையையாவது திரைச்சீலை இழுத்து, மின்விசிறியோடும், இயன்றால் 26 டிகிரியில் குளிர்சாதனத்தோடும் வைத்திருங்கள். குளியலறைத் தரையைக் கழுவிக் கதவைத் திறந்துவைத்தால் பெரும்பாலான நீள்முடிப் பூனைகள் தாமே அங்கே போய் வயிற்றைப் பரப்பிப் படுத்துவிடும். குளிர்சாதனத்தை மட்டும் நம்பி வீட்டைப் பூட்டிச் செல்லாதீர்கள். மின்சாரம் போனால் மூடிய அறை சூளையாகிவிடும்.

நாய் வாய் திறந்து இரைப்பது இயல்பு, பூனைக்கு அது அபாய அறிகுறி. வாய் திறந்து மூச்சுவிட்டு, எச்சில் வடித்து, தள்ளாடினால் குளிர்ந்த நீரால் (பனிக்கட்டி நீரால் அல்ல) முடி தோல்வரை நனையும்படி ஈரமாக்கி, விசிறிக்கு அருகில் வைத்து, உடனே மருத்துவரிடம் புறப்படுங்கள்.

வடகிழக்குப் பருவமழையின் தொல்லை வேறு வகை. ஈரம் உலராத முடிக்குள் பூஞ்சை எளிதில் குடியேறும். 'மைக்ரோஸ்போரம் கேனிஸ்' என்ற பூஞ்சையால் வரும் படர்தாமரை பெர்ஷியன் இரத்தம் கலந்த பூனைகளில் அதிகம். அது வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தொற்றும். வட்டமாக முடி கொட்டுவது, செதில், காது ஓரத்தில் பொருக்கு ஆகியவை தென்பட்டால் மனிதர்களுக்கான களிம்பைத் தடவாதீர்கள், பூனை அதை நக்கிவிடும். மருத்துவர் தரும் மருந்தைச் சொன்ன வாரங்கள் முழுவதும் கொடுக்க வேண்டும். உதிர்ந்த முடியிலும் பூஞ்சை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் விரிப்புகளையும் சீப்புகளையும் சேர்த்தே சுத்தம் செய்ய வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, இடுப்பளவு நீரில் பூனையைத் துணிப்பையில் சுமந்து வந்தவர்களைப் பார்த்தோம். பெரிய பூனைக்கு, சிறு நாய்க்கான அளவில், மேலிருந்தும் திறக்கும் கூடை ஒன்றை முன்கூட்டியே வாங்கி, எப்போதும் வீட்டில் திறந்தபடி வையுங்கள். அதில் படுத்துப் பழகிய பூனை, அவசர நாளில் தானே உள்ளே போகும்.

ஆறாம் படி: உணவு

பூனை கட்டாய ஊனுண்ணி. டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் இதயத் தசை விரிந்து தளரும் என்பது 1987-இல் கண்டறியப்பட்டது, கண்பார்வையும் கெடும். தயிர்ச்சாதமும் பாலும் தந்து வளர்த்த பூனைகள் நம் தெருவில் வாழ்ந்ததுண்டு. அவை மிச்சத்தை எலியிலும் பல்லியிலும் ஈடுகட்டிக்கொண்டன. வீட்டைவிட்டு வெளியேறாத பூனைக்கு அந்த வழி இல்லை. முழுச்சத்து என்று குறிப்பிட்ட பூனை உணவே அடிப்படையாக இருக்கட்டும். அதோடு வேகவைத்த கோழி, முள் நீக்கி வேகவைத்த சங்கரா அல்லது மத்தி கொடுக்கலாம். சில மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு, வேகவைத்தால் அது செயலிழக்கும். ஆகவே பச்சை மீன் வேண்டாம். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு மீன் அறவே கூடாது. வளர்ந்த பூனைகளில் பல பாலைச் செரிக்க இயலாதவை. நீள்முடிப் பூனைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் பின்தொடை முழுவதையும் கழுவ வேண்டிவரும்.

தட்டில் எறும்பு ஏறாதிருக்க, நீர் ஊற்றிய அகலத் தாம்பாளத்தின் நடுவில் உணவுக் கிண்ணத்தை வைக்கும் பழைய முறையே போதும். உலர் உணவைக் காற்றுப்புகா டப்பாவில் மூடுங்கள். கடலோர ஈரத்தில் திறந்த பை சில வாரத்தில் நமத்துக் காறிவிடும்.

ஏழாம் படி: மருத்துவம்

ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை என்று பதினாறு வாரம் நிறையும்வரை முத்தடுப்பூசி. மூன்று மாதம் நிறைந்தபின் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். ஐந்து மாதம் அளவில் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுவது கடுவனின் சிறுநீர்த் தெளிப்பையும் பெட்டையின் கருப்பை நோயையும் தவிர்க்கும். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை எந்த ஆட்டோக்காரருக்கும் தெரிந்த இடம். வீட்டருகே ஒரு மருத்துவரையும் பூனை நலமாக இருக்கும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

கலப்பினம் என்றால் நோயே வராது என்ற எண்ணம் தவறு. பெர்ஷியன் வழியில் வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் ஓங்கு தன்மை கொண்டது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே போதும், நாட்டுப் பூனைத் தாயால் அதைத் தடுக்க முடியாது. பத்து மாத வயதுக்குப் பின் அல்ட்ராசவுண்ட் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மெய்ன் கூன், ராக்டால் வழிகளில் இதயத் தசை தடிக்கும் நோய் உண்டு. அது ஸ்டெதாஸ்கோப்புக்கு எப்போதும் அகப்படுவதில்லை. எக்கோ பரிசோதனைதான் உறுதி செய்யும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எந்தச் சிகிச்சைக்கு முன்பும், பெரிய கலப்பினப் பூனைக்கு எக்கோ தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று. கடுவன் பூனை மலத்தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கியும் சிறுநீர் வராமல் கத்தினால், மலச்சிக்கல் என்று எண்ணி ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்ப்பாதை அடைத்திருக்கும்; ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

குணமும் முதுமையும்

மெய்ன் கூன் சாயல் இருந்தால் குருவி போலக் கீச்சிடும், நீரோடு விளையாடும், அறைக்கு அறை பின்தொடரும். பெர்ஷியன் சாயல் மிகுந்தால் இருந்த இடத்தில் இருக்கும் என்பார்கள். கலப்பினத்தில் இவை கலந்தும் வரும், வராமலும் போகும். பெரிய பூனை என்பதற்காகச் சாதுவாக இருக்கும் என்று நம்பிக் குழந்தையிடம் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஆறு கிலோ பூனை உதறி இறங்கும்போது பின்னங்கால் நகம் ஆழமாகப் பதியும். தூக்கும்போது ஒரு கை மார்புக்கும் மற்றொரு கை பின்பகுதிக்கும் தாங்கலாக இருக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் காட்டிக்கொடுங்கள்.

வீட்டுக்குள்ளேயே வாழும் பூனை பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் இருக்கக்கூடும். எட்டு வயதுக்குப் பின் மூட்டு தேயத் தொடங்கும். பெரிய உடலுக்கு அது இன்னும் முன்பே தெரியும். நொண்டுவதாக வெளியில் காட்டிக்கொள்ளாது. முதுகின் கடைசிப் பகுதிக்கும் வாலடிக்கும் நாக்கு எட்டாமல், அங்கே மட்டும் முடி பிசுபிசுத்துச் சடை பிடிக்கும். அதுதான் முதல் அறிகுறி. சாம்பலுக்கு இப்போது ஒன்பது வயது. சென்ற ஆண்டு அதன் இடுப்புக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்கு அப்படிச் சிக்கு விழுந்ததைக் கண்டு மருத்துவரிடம் காட்டினோம். மூட்டு வலிக்கு மருந்து தொடங்கினார்கள். மலத்தட்டின் வாயிலை இன்னும் இரண்டு அங்குலம் தாழ வெட்டினோம், சன்னல் திண்டுக்கு ஏற ஒரு மணைப்பலகையைப் படியாகப் போட்டோம். முதுகை இப்போது காலையிலும் மாலையிலும் நாங்கள்தான் சீவுகிறோம்.